புரசைவாக்கத்தில் இரண்டு சொட்டு

தூரிகை நுனியிலிருந்து ஒரு சொட்டு நழுவி விழுந்தது.

அடக் கடவுளே!

கருநீலம். விழுந்த இடம் ஓவியத்தின் நடுரோடு. வெயிலுக்கென்று தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவைத்திருந்த இடம். புரசைவாக்கம் பிளாட்பாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து அவள் கட்டிக்காத்த வெயில்.

நீர்வண்ணத்தில் அழிப்பது என்ற பேச்சே கிடையாது. மூன்று தாள் பாழாகி, இதுதான் கடைசித் தாள். ஐந்து மணிக்குள் கண்காட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அவளுடைய முதல் கண்காட்சி.

பஞ்சால் ஒற்றினாள். சொட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இன்னும் பெரிதானது. சனியன்!

கிழித்துவிடலாம் என்று தாளின் ஓரத்தைப் பிடித்தாள்.

டீயோடு வந்த பக்கத்துக் கடை எத்திராஜ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம கஸ்தூரி! கூடையத் தூக்கினு, அந்தாண்ட இந்தாண்ட பாக்காம வருது பாரு. இருவது வருசமா சொல்றேன்மா, என் பொண்டாட்டி காதுல வாங்குனாத்தானே?”

கூடையா?

அவள் பார்த்தாள். இழுபட்ட பக்கம் ஒரு தோள் இறங்கியிருந்தது. ஆமாம், கூடைதான்.

சாலையில் பிரேக் கிறீச்சிட்டது.

“ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?” பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“தோ நிக்கிறாரே ஊட்டுக்காரு, சொல்லிட்டேன். நீ போ!” என்றபடி, அதே இறங்கிய தோளும் கூடையுமாக வந்து சேர்ந்தாள் கஸ்தூரி.

எத்திராஜ் பெருமையாகப் படத்தைக் காட்டினார். கஸ்தூரியின் முகம் சுருங்கியது.

“நான் மட்டும் ஒண்டியாவா போறேன்?”

எத்திராஜ், அடுப்பில் பால் இருக்கிறது என்று கடைக்கு ஓடிவிட்டார்.

வரைந்துகொண்டிருந்தவள் தூரிகையைப் பழுப்பில் தோய்த்தாள். எத்திராஜின் டீக்கறை பனியன் நிறம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டாள்.

வேண்டுமென்றே.

தாளில் ஈரம் காயவில்லை. இரண்டு சொட்டும் மெல்லக் கசிந்து ஒன்றையொன்று தொட்டன. சுற்றிலும் மிச்சமிருந்த வெள்ளை, காலையில் இருந்ததைவிட நல்ல வெயிலாக அடித்தது.

மூலையில் கையெழுத்துப் போட்டாள். மணி நாலு.

கஸ்தூரி குனிந்து பார்த்தாள். வெட்கம் வந்துவிட்டது அவளுக்கு.

“யோவ், இங்க வந்து பாரு! நடுரோட்டுல என் கையப் புடிச்சினு வர்ற!”

எத்திராஜ் அடுப்பைப் பார்த்தார். கஸ்தூரியைப் பார்த்தார். வந்தார்.

கடையில் பால் பொங்கி வழிந்தது.