இடப்பக்கத்தில் ஒரு வரி

பள்ளிப் பையை மூன்று தடவை துவைத்தும் வாந்தி நாற்றம் போகவில்லை. பள்ளியின் கவுன்சிலிங் அறையில் கேசவன் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சீ, பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்காரவே குமட்டுகிறது.

போன வாரம் விளையாட்டு விழா முடிந்து திரும்பும்போது, பள்ளிப் பேருந்து பம்மல் தாண்டுவதற்குள் இவன் எடுத்த வாந்தியில் ஐந்து பிள்ளைகளின் சீருடை பாழ். பதினோராம் வகுப்புப் பையன், குடித்துவிட்டு. தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் இருபது நிமிடம் உட்காரட்டும், அதற்குப் பிறகும் குடித்தால் டிசி.

கவுன்சிலர் அனுப்பிரியா சின்னப் பெண். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று பார்த்தால், ஒரு வெள்ளைத் தாளின் நடுவே கோடு போட்டு அவனிடம் நீட்டினாள். குடிப்பதில் பிடித்ததை இடப்பக்கம் எழுத வேண்டுமாம். பிடிக்காததை வலப்பக்கம்.

பிடித்ததாம்! இது என்ன கூத்து என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

திட்டினால் பிள்ளைகள் குடியின் பக்கம் நின்றுதான் பேசுவார்கள், வேண்டாம் என்பது அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும் என்றாள். நடுவில் பேச வேண்டாம் என்றும் சொன்னாள்.

எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. இவன் அப்பா தொட்டதில்லை. என் தம்பி ஜெயவேலு மட்டும் விசேஷத்துக்கு விசேஷம் குடிப்பான். அதையெல்லாம் ஒரு குடி என்று சொல்வார்களா?

வலப்பக்கம் மளமளவென்று நிரம்பியது. வாந்தி. தலைவலி. மேட்ச்சில் ஓட முடியவில்லை. அம்மா கிட்டேயே வருவதில்லை.

கடைசி வரியைப் படித்ததும் முந்தானையைக் கொஞ்சம் இறக்கினேன்.

இடப்பக்கம் ரொம்ப நேரம் காலியாகவே கிடந்தது. பிறகு ஒரே ஒரு வரி எழுதினான்.

அம்மா சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் கூசாமல் என்ன புளுகு! பேச வேண்டாம் என்றது மறந்துபோய், நான் எப்போதடா சிரித்தேன் என்று கத்திவிட்டேன்.

அவன் நிமிரவில்லை. காது மடலைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"காதுகுத்துல. மாமா மடியில. வீடியோல சிரிக்கிறது நீதானேம்மா."

அப்போது இவனுக்கு ஐந்து வயது. காது குத்தி முடித்தும் அழுகை நிற்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் குடித்துக்கொண்டிருந்த ஜெயவேலு இவனை மடியில் தூக்கி வைத்து, வலிக்கு மருந்துடா என்று பீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தான். இவன் முகம் கோணியது. அழுகை நின்றது. இன்னும் என்று கை நீட்டினான். சுற்றி நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வீடியோவில் என் முகம் வராது. எடுத்தவள் நான். சிரிப்பு மட்டும் கேட்கும்.

போன மாதம் இவன் பிறந்தநாளுக்கு அதைத்தான் ஸ்டேட்டஸாக வைத்திருந்தேன். 'அப்பவே சிங்கம்' என்று மேலே எழுதி.