கோரை இல்லாத புல்தரை

காஞ்சிபுரம் தோட்டப் போட்டிக்கு நடுவராக வந்த தணிகாசலம், கங்கையம்மாள் வீட்டுப் புல்தரையில் மண்டியிட்டே தேடிவிட்டார். பேருக்குக்கூட ஒரு கோரை இல்லை.

“புதுசா வந்திருக்கிற களைமருந்து அடிச்சீங்களாம்மா?”

“அடிச்சா புல்லும் சேர்ந்து கருகிடும் சார். அத்தனையும் எங்க வூட்டுக்காரரு கையால கிழங்கோட புடுங்கினது!”

“புல்லும் கோரையும் ஒரே பச்சை. கண்ணாடி போட்டு உத்துப் பார்த்தாத்தான் எனக்கே வித்தியாசம் தெரியுது. எப்படிக் கண்டுபிடிச்சாரு?”

படியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் தேவசகாயம் சிரித்தார். “தண்டை விரல்ல உருட்டுங்க சார். புல்லு உருண்டை. கோரைன்னா மூணு பட்டை இடறும்.”

“முதல் பரிசு உங்களுக்குத்தான், பிடிங்க!” தணிகாசலம் கோப்பையை நீட்டினார்.

தேவசகாயத்தின் கைகள் வேறு பக்கம் நீண்டன.

கங்கையம்மாள் அவற்றைப் பிடித்துக் கோப்பையின்மேல் வைத்தாள். “கண்ணு போன மனுசனுக்குத் தோட்டம் எதுக்குன்னு கேட்டவங்க எல்லாம் வேலியாண்ட நின்னு பார்த்துக்கினு இருக்காங்க. நல்லா தூக்கிக் காட்டுங்க!”