கணக்கில் வராதது

"வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

டாக்டர் கேட்டேவிட்டாள்.

நோரீன் கணவனைப் பார்த்தாள். கர்டிஸ் தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்து, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இப்போது எழுந்துவிடுவான். கதவு அதிரும்.

முன்பிருந்த கிழ டாக்டர் இதே அறையில் வழக்கமான கேள்விகளோடு இதையும் கேட்டபோது, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியேறியவன் அவன்.

"கொலஸ்ட்ரால் பாக்கப் போனேன்யா. வீட்டுல எத்தனை பீரங்கின்னு கேக்கறான்!"

தீவனக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் எல்லோரையும் சிரிக்கவைத்தான். அவனுக்கு மட்டும் கோபம் ஆறவே இல்லை.

மொன்டானாவில் அவர்கள் பக்கத்தில் எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று கேட்பதே மரியாதையில்லை. எத்தனை துப்பாக்கி என்று கூடப்பிறந்தவனும் கேட்கமாட்டான். அதிலும் டாக்டரிடம் சொன்னால் கம்ப்யூட்டருக்குப் போகும், அங்கிருந்து அரசாங்கத்துக்குப் போகும், ஒருநாள் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். கர்டிஸுக்கு இதில் சந்தேகமே கிடையாது.

இந்த டாக்டர் பெத்தானி உள்ளூர்ப் பெண். அவள் அப்பாவோடு கர்டிஸ் மான் வேட்டைக்குப் போயிருக்கிறான். அந்த முகத்துக்காக ஒரு திட்டோடு விட்டுவிடுவான் என்று நினைத்தாள் நோரீன்.

அவன் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். பெத்தானி அவனைப் பார்த்துக் கேட்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நோரீனுக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தாள்.

தாள் விரித்த கட்டிலில் உட்கார்ந்திருந்தது நோரீன்தான். அவள் அசைந்ததும் தாள் சரசரத்தது.

பிரஷர் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் காலையில் அவளைக் கூப்பிட்டான். முட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கோழிக்கூட்டுக்குப் போனவள், அவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான் வந்தாள். ஒரே ஒரு முட்டை. அதையும் வீட்டுக்குள் வைக்க மறந்து கோட்டுப் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். இப்போது அதை விரல்களால் மூடிக்கொண்டாள்.

"நான்தான் பெத்தானிக்குப் போன் பண்ணேன், நோரீ," என்றான் கர்டிஸ், தரையைப் பார்த்தபடி.

அவளுக்கு வாழப் பிடிக்காமல் போனது எப்படித் தெரிந்தது இவனுக்கு? சமைத்தாள். சர்ச்சுக்குப் போனாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். யாரும் சாகவில்லை. மழை பெய்திருந்தது, கோதுமை நன்றாக வந்திருந்தது. காரணம் ஒன்று இருந்திருந்தால் அவளே யாரிடமாவது சொல்லியிருப்பாள்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உள்ளே யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து அடுத்தவள் முன்னால் வைத்துவிட்டான்.

"முதல்ல அந்தப் பொட்டிலேருந்து கைய எடு, பெத்தானி," என்றான் அவன்.

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

கர்டிஸ் சொல்ல ஆரம்பித்தான். அப்பா விட்டுப்போன மான் துப்பாக்கி. வாத்துக்கு எடுத்துப் போகும் இரட்டைக் குழல். கட்டில் பக்கத்து இழுப்பறையில் இருந்த கைத்துப்பாக்கி. டிரக் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. சொந்தப் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுப்பதுபோல் சொன்னான். இத்தனை வருஷத்தில் நோரீனுக்கே தெரியாத ஒன்றும் அதில் இருந்தது.

"எல்லாத்தையும் ஞாயித்துக்கிழம ரஸ் வீட்டு இரும்புப் பெட்டில கொண்டுபோய் வெச்சுட்டேன். சாவி அவன்கிட்டதான்."

வேலி கட்டப் போகிறேன் என்று அன்று கிளம்பினான். பக்கத்துப் பண்ணை ரஸ் ஊர்வம்புக்காரன்.

"ரஸ் என்ன கேட்டான்?" என்றாள் நோரீன்.

"ஒண்ணும் கேக்கல. காபி போட்டுக் குடுத்தான்."

கர்டிஸ் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"நீ எழுதிக்கோ, பெத்தானி. பரவால்ல. எவன் வேணா வந்து வாசல்ல நிக்கட்டும்."

முழங்காலில் இருந்த தொப்பியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நோரீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேற ஏதாவது?" என்றாள் டாக்டர்.

"அவ்வளவுதான்."

அவன் பொய் சொல்லவில்லை. நாற்பது வருஷம் பார்த்த முகம், அவளுக்குத் தெரியும். தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் அவன் நம்பினான். அவள் பேசாமல் இருந்தால் போதும். ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், வீட்டுக்குப் போய்விடலாம், அவன் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவான்.

பையில் இருந்த முட்டை அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாகியிருந்தது.

"கோழிக்கூட்டுல ஒண்ணு இருக்கு," என்றாள்.

கர்டிஸ் விழித்தான். "அட, அதுவா..." என்று சிரிக்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மண்வாரிக்கும் தீவன வாளிக்கும் நடுவே சாத்திவைத்திருக்கும் பழசு. பிடிக்கட்டை பிளந்து, கம்பி சுற்றியது. நரி வந்தால் எடுப்பார்கள், பாம்பு வந்தால் எடுப்பார்கள். மற்ற நேரத்தில் துடைப்பம் மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும். அந்த வீட்டில் யாரும் அதைத் துப்பாக்கி என்று நினைத்ததே இல்லை.

போன வாரம்வரை அவளும்தான்.