புலியின் அறையில்

“ஒரே பேரத்துல, ஒரே நாள்ல, ரெண்டு பக்கத்துக்கும் வக்கீலா இருந்தவன் நான்!” என்று சோபாவில் சாய்ந்தார் ஓய்வு பெற்ற வக்கீல். உலகத்துக் கம்பெனிகளில் பாதியை வாங்க வைத்தும் மீதியை விற்க வைத்தும் களைத்துப்போனவர் போல ஒரு பெருமூச்சு வேறு.

எதிரே சம்பந்தியம்மாள். அவரும் கம்பெனி வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர்தான். பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு இதுதான் முதல் வருகை.

“காதுல பூ சுத்தாதீங்க சம்பந்தி. தெரிஞ்சா விட்டுடுவாங்களா? உரிமத்தையே பிடுங்கியிருப்பாங்க.”

“அந்தப் பயத்துலதான் பாதி உயிர் போச்சு. மீதியை வெச்சுக்கிட்டுதான் இப்போ உங்களோட டீ குடிக்கிறேன்.”

“ஆரம்பிச்சாச்சா?” என்று பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார் வக்கீலின் மனைவி.

அந்தப் பேரம் நடந்த காலத்தில் வக்கீல், பெரிய வக்கீல் ஒருவரிடம் ஜூனியர். ஆற்றுப் பாலம் ஒன்றை, அதில் சுங்கம் வசூலிக்கும் கம்பெனியோடு சேர்த்து விற்கிறார்கள். இவர்கள் வாங்குகிறவர் பக்கம். “இது மட்டும் கைநழுவட்டும், அப்புறம் ஆபீஸ் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே” என்று பெரியவர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

ஹோட்டலின் ஒரே மாடியில் இரண்டு தரப்புக்கும் தனித்தனி அறை. இரண்டிலும் அதே நீள மேசை, அதே தண்ணீர் பாட்டில்கள், கழுத்தை நெரிக்கும் அதே டைகள். சாப்பாட்டு நேரத்தில் நகல் எடுக்கப் போயிருந்த ஜூனியர் தலைதெறிக்க ஓடி வந்து, காலையில் இருந்த அதே அறைக்குள் நுழைந்து, காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நிமிர்ந்தால், மேசையின் தலைமாட்டில் புலி!

விற்கிறவர்களின் வக்கீலுக்கு ஊரே வைத்த பெயர் அது. அவர் செருமினால் நீதிபதிகளே எழுந்து நிற்பார்களாம். அந்தப் புலிக்குத் தன் அறையில் ஏ.சி. தாங்க முடியாமல் குளிர்ந்திருக்கிறது. உடனே இரு தரப்பும் அறையை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஜூனியருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

எழுந்தால் “யார்டா நீ?” என்பார்கள். உட்கார்ந்திருந்தாலோ, எதிரியின் ரகசியத்தை ஒட்டுக் கேட்ட குற்றம். நெஞ்சு அடித்த அடியில் மேசைமேல் இருந்த பாட்டில்கள் தாளம் போட்டன.

“அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா கேட்கலை?” சம்பந்தியம்மாளின் குரல் உயர்ந்தது.

“வக்கீலுங்க என்னைக் கம்பெனி ஆளுன்னு நினைச்சாங்க. கம்பெனிக்காரங்க வக்கீல் ஆபீஸ் ஆளுன்னு நினைச்சாங்க. நம்ம தொழில்ல அப்படித்தானே? கோட்டு போட்டவன் எல்லாம் நம்மாளு!”

சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை.

“பாலத்துல பின்னாடி விரிசல் விழுந்தா வாங்கினவன்தான் பொறுப்பு. இதுல ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்!” என்று உறுமிய புலி, சட்டென்று ஜூனியர் பக்கம் திரும்பியது. “என்ன தம்பி, திருதிருன்னு முழிக்கிற? நீ சொல்லு, அவனுங்க ஒத்துக்குவானுங்களா?”

வேறு வழியில்லாவிட்டால் அதற்கும் ஒத்துக்கொள்வது என்று பெரியவர் முடிவு செய்திருந்தார். அது ஜூனியருக்குத் தெரியும். “ஒ... ஒத்துக்க மாட்டாங்க சார். எழுந்து போயிடுவாங்க” என்றார்.

பக்கத்து நாற்காலியில் ஓர் இளம்பெண், கைப்பையை மடியை விட்டு இறக்காமலே உட்கார்ந்திருந்தாள். “ஆமா சார், கண்டிப்பா போயிடுவாங்க” என்றாள், கம்மிய குரலில். அவள் முகத்தைப் பார்க்கக்கூட இவருக்குக் கழுத்து திரும்பவில்லை.

“நம்ம பிள்ளைங்களே இப்படிச் சொல்லுதுங்களே...” புலி தாடையைச் சொறிந்தது. “சரி, தொலையட்டும். விரிசலுக்கு நாமளே பொறுப்பு ஏத்துக்குவோம்.”

ஜூனியர் பூனைபோல எழுந்து, சுவரோடு சுவராக நகர்ந்து கதவை எட்டினார். பின்னாலிருந்து உறுமல்.

“தம்பி, நில்லு!”

ஜூனியர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

“கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போ. அந்தப் பக்கத்து ஆளுங்க ஒட்டுக் கேப்பாங்க.”

சாயங்காலமே கையெழுத்தானது. “பாத்தியா, என் முகத்தைப் பார்த்தே இறங்கி வந்துட்டானுங்க” என்று பெரியவர் மீசையை முறுக்கிக்கொண்டார். ஜூனியர் மட்டும் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார்.

“இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் நம்பலை, சம்பந்தியம்மா. என் வீட்டுக்காரியே நம்பலை.”

சம்பந்தியம்மாள் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “இதை யார் யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

“அகப்பட்டவங்க எல்லார்கிட்டயும்! அட, நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்துறீங்க? நீங்களும் நம்பலையா?”

சம்பந்தியம்மாள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் பாதாளத்துக்கு இறங்கியது.

“நடந்ததுதான் சம்பந்தி. பாலம் வாங்க உங்க கட்சிக்காரருக்குக் கடன் கொடுத்த பாங்குக்கு அன்னிக்கு நான்தான் வக்கீல்.”

“அப்போ நீங்க எங்க பக்கமாச்சே! புலி ரூம்ல நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரூம் மாத்தினதை எனக்கும்தான் யாரும் சொல்லலை!”