மூன்றாவது ரிமோட்

“இவ ஆசைப்பட்டான்னுதான் இந்தக் காரையே வாங்கினேன் தம்பி. ரெண்டு ரிமோட்டுல ஒண்ணு இவளுக்கு. நல்லா வேலை செய்யணும், கேட்டியா?” என்று சிரித்தபடியே மனைவியின் தோளில் தட்டினான் கணேஷ்ராம். மதுமதியும் சிரித்தாள். தட்டிய இடத்தில் பழைய வலியொன்று விழித்துக்கொண்டது.

வண்ணார்பேட்டையில், கார்களுக்குப் பாட்டுப்பெட்டியும் பூட்டும் பொருத்தித் தரும் கடை அது. துபாய்க்குத் திரும்பிப்போன காயல்பட்டினத்துக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய அந்தப் பழைய வெள்ளைக் கார் வாசலில் நின்றது. அவர் கொடுத்த மூன்று ரிமோட்டுகளில் ஒன்று, வந்த வாரத்திலேயே வீட்டிற்குள் காணாமற்போயிற்று.

“தொலைஞ்சது எவன் கையில கெடக்கோ! வண்டியைத் தொறந்து ஓட்டிட்டுப் போயிட்டாம்னா? பழசையெல்லாம் அழிச்சிட்டு, இந்த ரெண்டை மட்டும் புதுசாச் சேத்துரு” என்றான் கணேஷ்ராம்.

“சேத்துருவோம் சார்” என்றான் கடைக்காரன் மணிராஜ். முப்பது வயதுகூட ஆகாதவன். நெற்றியில் திருநீறு கலையாதிருந்தது. “வண்டிக்கு இது பள்ளிக்கூடம் மாதிரி. சாவியைப் போட்டு வச்சிருக்கும்போது எதை எதை அமுக்குதோமோ, அதை மட்டும் படிச்சுக்கிடும். சாவியை உருவிட்டா பாடம் முடிஞ்சுது. அப்புறம் வேற எது வந்து அமுக்கினாலும், நீ யாருன்னு கேக்கும்.”

“அப்பம் நீ பாடத்தை நடத்து வாத்தியாரே. நான் எதுத்தாப்புல ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். மதி, நீ இங்கனயே இரு.”

அவன் சாலையைக் கடந்ததும், மடிமீதிருந்த கைப்பையை மதுமதி இறுகப் பற்றினாள். காணாமற்போன ரிமோட், மகளின் சீப்புக்கும் கைக்குட்டைக்கும் அடியில், அதற்குள்தான் இருந்தது.

சென்ற ஆவணியில் மகளை அழைத்துக்கொண்டு, மதுரையிலிருக்கும் அக்காள் வீட்டிற்கு அவள் பேருந்தில் புறப்பட்டாள். பேருந்து ஊருக்கு ஊர் நின்றது; கணேஷ்ராமின் மோட்டார் சைக்கிள் எங்கும் நிற்கவில்லை. கயத்தாற்றில் அவளை இறக்கி அழைத்து வந்தான். வீட்டுக் கதவைச் சாத்திய பின் அவள் இடக்கை மணிக்கட்டு ஒடிந்தது. அது இன்னமும் நேராகக் கூடவில்லை.

காரில் போனால் மறித்து இறக்க எவராலும் இயலாது. பாளையங்கோட்டையில் கல்லூரிக்குச் சென்ற நாளிலேயே அவள் கார் ஓட்டக் கற்றவள். அதைக் கணவனிடம் அவள் சொன்னதே இல்லை. மாற்றுச் சாவி பீரோவில் கிடக்கிறது. நாளை அவன் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் சென்றதும், மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். ஆனால் சாவி மட்டும் போதாது; அவளுக்கென்று சொன்ன ரிமோட்டும் அவன் சட்டைப்பையில்தான் கிடக்கும். ரிமோட் இல்லாமல் கதவைத் திறந்தால் கார் தெருவே கேட்க அலறும், என்ஜினும் உயிர்பெறாது.

மணிராஜ் காருக்குள் அமர்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டியரிங்குக்கு அடியில் மறைந்திருந்த சிறு பொத்தானை அழுத்தினான். ஒரு ரிமோட்டை அமுக்கவும் கார் ‘கீக்’ என்று ஒலித்தது. இரண்டாவதற்கும் அவ்வாறே ஒலித்தது.

“கை என்னக்கா, கோணிப்போயி இருக்கு?”

“குளிக்கப் போனப்ப வழுக்கிட்டு.”

“எங்க அக்காவும் அப்பிடித்தான் சொல்லுவா” என்றான் அவன், தலை நிமிராமலே. “கடேசி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டுப் போனா.”

இந்த மூன்று மாதங்களில் மதுமதியின் கையைப் பார்த்தவர் பலர். கேட்டவன் இவன் ஒருவனே. சாலைக்கு அப்பால், டீக்கடையில் யாருடனோ கதை பேசிக்கொண்டிருந்த கணவனின் முதுகை அவள் ஒருமுறை பார்த்தாள். பின்பு காரின் அருகே வந்து குனிந்தாள்.

“தம்பி, இன்னொண்ணு எங்கிட்ட இருக்கு. அதையும் சேத்துருவியா? அவுகளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னைய உசுரோட விடமாட்டாக.”

மணிராஜ் சாவியை உருவிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, இரு ரிமோட்டுகளையும் கைக்குள் மூடிப் பிடித்தபடி இறங்கி வந்தான்.

“வெளிய எடுக்காதிய. யாராவது பாத்துருவாக. பைக்குள்ளயே வச்சு, மெதுவா ஒரு அமுக்கு அமுக்குங்க.”

அவள் விரலால் துழாவி அமுக்கினாள். கார் ‘கீக்’ என்று ஒலித்தது.

“அம்புட்டுதான்க்கா. இனிமே கவலைப்படாதிய.”

உடன்பிறந்தவன் இல்லையே என்று அதுவரை அவள் வருந்தியதுண்டு. அந்த வருத்தம் அக்கணமே அகன்றது. மகளிடம் இரவே சொல்லலாமா, காலையில் சொல்லலாமா என்று அவள் மனம் கணக்கிடத் தொடங்கிவிட்டது. காலையில் சொல்வதே நல்லது, குழந்தை உளறிவிடும்.

கணேஷ்ராம் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தான். “என்ன வாத்தியாரே, வண்டி பாஸா, பெயிலா?”

“பாஸ் சார்!” என்று சாவியையும் இரு ரிமோட்டுகளையும் அவனிடம் நீட்டினான் மணிராஜ்.

மதுமதி வாய்விட்டுச் சிரித்தாள். கணவனின் வேடிக்கைக்கு அவள் மனமாரச் சிரித்தது, திருமணமான நாளிலிருந்து அதுவே முதன்முறை. சிரிப்பு மாறாமலே முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கணேஷ்ராம் ஏறி அமர்ந்து, கையிலிருந்த ரிமோட்டை அமுக்கினான். நான்கு கதவுகளும் ஒருசேரப் பூட்டிக்கொண்டன. பின்பு தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கி, மணிராஜை நோக்கிப் புருவத்தை உயர்த்தினான்.

மணிராஜ் குனிந்து தலையை உள்ளே நீட்டினான். மதுமதியை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. மதினி பைக்குள்ளதான் இருக்கு.”