இருக்கைக்கு அடியில் இருந்தது

ஸ்டாமென் நேராக ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான் போனார்.

மற்ற வண்டிகளுக்கு அவர் முன்சக்கரத்தில் ஆரம்பிப்பார். இருபது வருடமாக எங்கள் ஊர் வண்டிகளுக்கெல்லாம் எஃப்.சி. பார்க்கிறவர். பள்ளத்தில் இறங்கி, சின்னச் சுத்தியலை எடுத்து, முன்னாலிருந்து பின்னால் வரை அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வருவார். என் ஜீப்புக்கு மட்டும் எடுத்த எடுப்பில் அந்த இடம்.

நான் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தேன். கையில் இரண்டு பைகள். பெரியதில் காலையில் சுட்ட ரொட்டி. சின்னதை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

சுத்தியல் விழுந்தது. டங்.

ஸ்டாமென் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தகட்டைப் பார்த்தார். மறுபடி தட்டினார். டங்.

ஜனவரியில் இதே இடம் 'தொப்' என்றது. ஒரே தட்டு. அதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. மேலே ஏறி வந்து தாளில் 'தகுதி இல்லை' என்று எழுதினார்.

"பழைய இரும்புக்குப் போட்டுடு ருஸ்கா. இல்லேன்னா ஒரு நாள் சீட்டோட ரோட்டுல உக்காந்துடுவ."

வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். இனிமேல் ரொட்டியைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்றார் ஒருவர். கழுதைக்கும் ஸ்டாமென் எஃப்.சி. கேட்பாரே என்றார் இன்னொருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு மேலே மலையில் ஏழு குக்கிராமங்கள். ஒன்றிலும் கடை கிடையாது. வாரத்தில் மூன்று நாள் ரொட்டியும் மருந்தும் என் ஜீப்பில்தான் போகும். மார்ச் முடிவதற்குள் கண்ணாடியில் புது ஸ்டிக்கர் இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அந்த வேறு ஆள் வாரத்தில் ஒரு நாள்தான் வருவாராம், அதுவும் பனி இல்லாவிட்டால்.

வண்டியைக் கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் படுத்தேன்.

வாங்கும்போது அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார் பளபளத்தது. பொட்டுத் துரு கிடையாது என்று விற்றவர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். சுரண்டச் சுரண்டத் துரு கூடை கூடையாகக் கொட்டியது. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் போடுகிற உப்பு தாருக்குள் புகுந்து, சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

இருக்கைக்கு அடியில் வேறொன்றும் கிடைத்தது. துடைத்து எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் வெல்டிங் மெஷின் கேட்டேன்.

முதல் இரண்டு வாரம், இருந்த ஓட்டையைப் பெரிதாக்கியதுதான் மிச்சம். முன்முடி பொசுங்கியது. மூன்றாவது வாரம் ஒரு கோடு நேராக ஓடியது. அதன்பிறகு என்னைக் கொட்டகையிலிருந்து யாராலும் வெளியே இழுக்க முடியவில்லை.

நல்ல இரும்பு வருகிற வரை அழுகியதை வெட்டினேன். தடித்த தகடு வைத்து, இடைவெளி விடாமல் சுற்றிலும் பற்றவைத்தேன். மேலே தார் பூசவில்லை. வெறும் எண்ணெய் தடவினேன். நான் போட்ட ஒவ்வொரு தையலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது ஸ்டாமென் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் குத்தினார். உள்ளே போகவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். ஸ்க்ரூடிரைவர்தான் வழுக்கியது.

படிக்கட்டுப் பலகை, டங். சேஸிஸ் இடது பக்கம், டங். வலது பக்கம், டங். வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பள்ளத்தருகே வந்தார்கள். கழுதை யோசனை சொன்னவர் மண்டியிட்டு எட்டிப் பார்த்து, இது யார் கைவேலை, தன் வண்டியையும் அங்கே விட வேண்டும் என்றார்.

நான் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினேன். முழங்கை வரை நெருப்புப் பொறி பட்ட புள்ளிகள். மார்ச் பிறந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சிவப்பு வெள்ளை நூல்கூட ஒரு பக்கம் கருகியிருந்தது. அவர் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டார்.

கடைசித் தட்டு, பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தில். டங். எனக்கு அது ஈஸ்டர் மணி போலக் கேட்டது. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

ஸ்டாமென் மேலே வந்தார். தாளில் முத்திரை குத்தினார். ஸ்டிக்கரை அவரே கண்ணாடியில் ஒட்டி, விரலால் நீவிவிட்டார்.

நல்லது நடந்தால் சுற்றி இருப்பவர்களுக்கு ஏதாவது கொடுக்காமல் எங்கள் ஊரில் யாரும் கிளம்ப மாட்டார்கள். பெரிய பையிலிருந்து ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தேன். சூடு இன்னும் ஆறவில்லை. கழுதைக்காரருக்கு இரண்டு.

ஸ்டாமெனிடம் சின்னப் பையை நீட்டினேன்.

அவர் கையை உள்ளே விட்டார். பாதி வெளியே எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரத் துண்டு. ஓரமெல்லாம் தார். நடுவில் நீலப் பெயிண்டில் அவர் பெயரின் முதல் பாதி.

இங்கே வாசலில் இப்போது அவர் பெயர் போட்டு விளக்கு எரிகிற புதுப் பலகை இருக்கிறது. பழைய தகரப் போர்டை நான்கு வருடத்துக்கு முன்னால், ஜீப்பை எனக்கு விற்ற அதே வாரம்தான், அவர் கழற்றினார்.

அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "உங்க போர்டுதான் அண்ணே. என் சீட்டுக்கு அடியில ஓட்டையை மூடியிருந்துச்சு. ஜனவரியிலேயே காட்டியிருந்தா அன்னைக்கே முத்திரை குத்தியிருப்பீங்க. எனக்கு அந்த முத்திரை வேண்டாம்னு தோணுச்சு."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். இருக்கை அசையவில்லை.

அவளுக்கு என்ன தாராளம், பையோடு கொடுத்துவிட்டாளே, அதில் என்ன என்று அவரைச் சுற்றி நின்றவர்கள் கேட்பது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"ரொட்டி," என்றார் ஸ்டாமென், பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.