ஆள் இருக்கிற கேரியர்

மாதா கோயிலுக்குச் சைக்கிளில் கிளம்பிய கூட்டத்தில் முதல் பஞ்சர் என்னுடையது. சைக்கிளைக் கூட வந்த சாமான் வேனில் ஏற்றினார்கள்; என் உடம்புக்குத்தான் அங்கே இடமில்லை. கூட்டத்தில் யாகப்பனின் சைக்கிள் கேரியர் மட்டும் காலியாக இருந்தது.

“உட்காரட்டுமா தம்பி?”

“ஆள் இருக்குண்ணே.”

மனைவியைக் கேரியரில் வைத்துக் கூட்டிவருவதாக மாதாவிடம் நேர்ந்திருந்தானாம். டாக்டர் அவள் ஆபரேஷனுக்கு இதே நாளைக் குறித்துவிட்டார். “நீ போய் மாதாகிட்ட சொல்லு” என்று அவள்தான் விரட்டியிருக்கிறாள்.

நான் பக்கத்தில் நடக்க, அவன் எனக்காக மெதுவாக மிதித்து வந்தான்; பாலத்து மேட்டில் இறங்கித் தள்ளினான்.

“காலி வண்டிதானே, மிதிக்கலாமே?” என்றேன்.

“ரெண்டு பேரை வச்சு மேட்டுல எப்படிண்ணே மிதிக்கிறது?”

அதுவும் சரிதான். நானும் கேரியரில் கைவைத்துத் தள்ளினேன். பாதி மேட்டில் திரும்பிப் பார்த்தான்.

“கொஞ்சம் ஓரமாப் பிடிங்கண்ணே.”

“மன்னிச்சுக்கம்மா” என்று கையை நகர்த்திக்கொண்டேன்.